‘மூட்டை’ என்று தேடியதும் கிடைத்தது: பழைய ப்ராம்ப்ட்டுகளோடு ஒரு வருடம்

பிப்ரவரியில் ஒரு நாள், எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "அக்கா, ரிட்டர்ன் பில்லுல ஒரு தப்பு இருக்கு. இன்னைக்கு இருக்கிற வரி விகிதத்தை எடுக்காம, பழைய பில்லுல இருந்து எடுக்குது. மாத்திடட்டுமா?"

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ஈரோட்டில் சிமெண்ட், கம்பி, பெயிண்ட் விற்கும் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தருவது எங்கள் வேலை. அவள் காட்டிய அந்தப் பகுதியை கிளாட் கோட் (நாம் சொல்வதைக் கேட்டு நிரல் எழுதித் தரும் ஏஐ கருவி) எழுதியது, நான் சொல்லித்தான் எழுதியது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் நினைவில் இல்லை. கிட் வரலாற்றைப் (நிரலில் செய்த மாற்றங்களின் பதிவை) பார்த்தால் "ரிட்டர்ன் பில் சரி செய்யப்பட்டது" என்று ஒற்றை வரி. என்ன சரி செய்யப்பட்டது, யாருக்காக, ஒன்றும் இல்லை.

"அஞ்சு நிமிஷம் இரு. அன்னைக்கு நான் என்ன சொல்லி எழுத வச்சேன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

முதலில் ‘ரிட்டர்ன்’ என்று ஆங்கிலத்தில் தேடினேன். நிரல் மொழியிலேயே இருக்கும் சொல் அது, கொட்டோ கொட்டென்று கொட்டியது. பிறகு தமிழில் ‘வரி’. நம் மொழியில் டாக்ஸும் வரி, நிரலில், அதாவது கோடில், இருக்கும் லைனும் வரி, போதாததற்கு ‘வரிசை’யிலும் வரி இருக்கிறது. "42ஆவது வரியில் பிழை" என்று நான் எழுதியவை எல்லாம் வந்து நின்றன. அப்புறம்தான் அந்தக் கடைக்காரரின் குரல் ஞாபகம் வந்தது. "கண்ணு, பத்து மூட்டை சிமெண்டு திரும்பி வந்துருச்சு. பில்லு போட்டா தொகை இடிக்குதே." ‘மூட்டை’ என்று தேடினேன். ஒரே ஒரு ப்ராம்ப்ட், அதாவது கருவிக்கு நான் எழுதிக் கொடுத்த கட்டளை. 2025 செப்டம்பர் கடைசியில் எழுதியது:

"18ஆம் தேதி 28 சதவீத வரியில் விற்ற சிமெண்டில் 10 மூட்டை இன்று திரும்பி வந்திருக்கிறது. 22ஆம் தேதியிலிருந்து சிமெண்டுக்கு 18 சதவீதம். ஆனால் கிரெடிட் நோட் என்பது முதல் பில்லுக்கு எதிராகப் போடுவது, அதனால் 28தான் போக வேண்டும் என்று ஆடிட்டர் சொல்கிறார். இன்றைய விகிதத்தை எடுக்காதே. மூல பில்லில் இருந்து எடு."

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12, 28 என்ற இரண்டு அடுக்குகளில் இருந்த பொருட்களில் பெரும்பாலானவை 5க்கும் 18க்கும் இறங்கின. சிமெண்ட் 28லிருந்து 18. அந்த வாரம் முழுவதும் எங்களுக்குத் தூக்கமில்லை. அப்போது அவசரத்தில் எடுத்த ஒரு சரியான முடிவு, ஐந்து மாதம் கழித்து ஒரு பிழை போலத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண் அதை மாற்றியிருந்தால், பழைய பில்லுக்கு எதிரான ஒவ்வொரு ரிட்டர்னும் தவறான தொகையில் போயிருக்கும்.

அன்றிலிருந்து என் பழைய ப்ராம்ப்ட்டுகளை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. என்ன செய்கிறது என்பதை கோடைப் படித்தே கண்டுபிடித்துவிடலாம். ஏன் அப்படிச் செய்யச் சொன்னோம் என்பது, அந்த நாளில் நாம் நம் வாயால் சொன்ன வாக்கியத்தில் மட்டும்தான் இருக்கிறது. முன்பு நானே கோடை எழுதிய காலத்தில் அந்த ‘ஏன்’ மண்டைக்குள் ஓடும், பாதி மறந்தும் போகும். இப்போது அதை ஒரு கருவிக்குப் புரியவைக்க எழுத்தில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அந்த எழுத்து ஃபைலில் தங்குகிறது. இது எவ்வளவு பெரிய வசதி என்று எனக்கு முதல் ஆறு மாதம் உறைக்கவில்லை.

நேற்று, முந்தாநாள் எழுதியதைத் தேட கருவிக்குள் இருக்கும் வசதியே போதும். மேல் அம்புக்குறியைத் தட்டினால் அந்த ஃபோல்டரில் எழுதிய ப்ராம்ப்ட்டுகள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வரும். 2025 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து கண்ட்ரோல்-ஆர் தேடலும் இருக்கிறது. பேஷ் ஷெல்லில் (கட்டளைகளை அடித்து இயக்கும் திரையில்) பல வருடம் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சாவி விரலிலேயே பழகியிருக்கும். இரண்டு மூன்று எழுத்து அடிக்க, அது பொருந்துகிற கடைசி ப்ராம்ப்ட்டைக் காட்டும், மறுபடி அழுத்தினால் அதற்கும் முந்தையது. கிடைத்ததை அப்படியே அனுப்பலாம், கொஞ்சம் திருத்தியும் அனுப்பலாம். தினமும் காலையில் நான் ஓட்டும் சோதனைக்கான நீளமான ப்ராம்ப்ட்டை இப்போதெல்லாம் புதிதாக அடிப்பதே இல்லை, இதில்தான் எடுக்கிறேன். மனதாரச் சொல்கிறேன், நல்ல வசதி.

ஆனால் ஐந்து மாதத்துக்கு முந்தையதை, அதுவும் எந்தச் சொல்லில் எழுதினோம் என்றே தெரியாததைத் தேட, நான் ஃபைலுக்குள்தான் போகிறேன்.

ஹோம் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் ‘கிளாட்’ என்ற மறைந்த ஃபோல்டர் இருக்கும். அதற்குள் நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று ‘ஹிஸ்டரி’ என்ற ஒரே ஃபைல். நாம் அடித்த ப்ராம்ப்ட்டுகள், ஒன்றுக்கு ஒரு வரி வீதம், எந்த ஃபோல்டரில் எப்போது அடித்தோம் என்பதோடு இருக்கும். இன்னொன்று ‘ப்ராஜெக்ட்ஸ்’ என்ற ஃபோல்டர். ஒவ்வொரு உரையாடலும் முழுசாக, நம் பேச்சு, அதன் பதில், அது திறந்து படித்த ஃபைல், ஓட்டிய கட்டளை எல்லாம் சேர்த்து, தனித்தனி ஃபைலாக இங்கே கிடக்கும். இரண்டுமே ஜேசன்எல் வடிவம் (ஒரு பதிவுக்கு ஒரு வரி), வெறும் எழுத்து. கிரெப் (ஃபைலுக்குள் சொல்லைத் தேடும் கட்டளை) தெரிந்த யாரும் தேடலாம்.

தொடக்கத்தில் நான் இரண்டாவது இடத்தில்தான் தேடிக்கொண்டிருந்தேன், அங்கேதான் நேரமும் போனது. உரையாடல் ஃபைலில் ‘யூசர்’ என்று குறிக்கப்பட்ட வரிகளை மட்டும் எடுத்தால் நான் எழுதியது கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அது அப்படி இல்லை. கருவி ஒரு ஃபைலைத் திறந்து படித்தால், படித்த அந்த உள்ளடக்கமும் ‘யூசர்’ பெயரில்தான் மாடலுக்கு (கருவிக்குப் பின்னால் இருக்கும் ஏஐக்கு) திரும்பிப் போகிறது. அதனால் 800 வரி கோட் முழுவதும் நான் சொன்னது போலப் பதிவாகியிருக்கும். வேலையின் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுக்க துணை ஏஜெண்ட் ஒன்றை அது அனுப்பும்போது எழுதும் கட்டளையும் அப்படித்தான், நான் எழுதாத ப்ராம்ப்ட், என் பெயரில். ஜேசன் ஃபைலை வடிகட்டும் ஜேக்யூ என்ற கருவியை வைத்து இவற்றை வடிகட்டலாம்: கருவியின் பதில் என்று உள்ளே குறிப்பிருந்தால் தள்ளு, துணை ஏஜெண்ட் என்று குறிப்பிருந்தால் தள்ளு, மீதி இருப்பது நான். இதை ஒரு சின்ன ஸ்க்ரிப்டாக எழுதி வைத்த பிறகுதான் தேடல் என்பது ஒரு நிமிட வேலையாக மாறியது. இப்போது முதலில் ஹிஸ்டரி ஃபைலில் தேடுகிறேன். அங்கே நாளும் ஃபோல்டரும் தெரிந்துவிட்டால், அந்த நாளின் உரையாடலுக்குள் போகிறேன்.

நாளைப் பற்றி ஒன்று. உரையாடல் ஃபைலில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ராத்திரி 2 மணிக்கு எழுதியது முந்தைய நாள் தேதியில் கிடக்கும். அந்த செப்டம்பர் வாரத்தில் நான் எழுதியதில் பாதி அப்படிப்பட்டது. 24ஆம் தேதி எழுதியதை 24இல் தேடி, இல்லை என்று விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து 23இல் கண்டெடுத்திருக்கிறேன்.

ஃபோல்டரின் பெயரை மாற்றினாலும் இதே போலத்தான். உரையாடல்கள் ப்ராஜெக்ட்டின் முழுப் பாதையை வைத்துத்தான் அடுக்கப்படுகின்றன. சாய்கோடு இருக்கும் இடத்தில் இடைக்கோடு போட்டு ஒரு பெயர். ப்ராஜெக்ட்டை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, பழைய உரையாடலைத் தொடரும் பட்டியலைத் திறந்தால் காலியாக இருக்கும். பதற வேண்டாம். பழைய பெயரில் எல்லாம் பத்திரமாக இருக்கும்.

பதற வேண்டியது வேறொன்று இருக்கிறது. உரையாடல் ஃபைல்கள் 30 நாளைக்கு மேல் பழசானால் அழிந்துவிடும், நாம் மாற்றாதவரை அதுதான் அமைப்பு. செட்டிங்ஸ் ஃபைலில் அந்த நாள் கணக்கைக் கூட்டி வைக்கலாம். ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், நான் படிக்காமல் விட்டேன். அந்தச் சிமெண்ட் ப்ராம்ப்ட்டைக் கண்டுபிடித்தேனே, அதைச் சுற்றி நடந்த உரையாடல் இல்லை. கருவி என்ன பதில் சொன்னது, நான் எதை மறுத்தேன், எந்த மாற்று வழியைப் பேசினோம், எல்லாம் போயிருந்தது. ஹிஸ்டரி ஃபைல் மட்டும் இந்தத் துப்புரவுக்குள் வராது என்பதால் என் வாக்கியம் தப்பியது. இந்தக் கருவியை வைத்திருப்பவர்கள் இதைப் படித்து முடித்ததும் அந்த எண்ணை மாற்றிவிடுங்கள். என்னுடையதில் இப்போது 1000 நாள்.

உரையாடல் போய், என் வாக்கியம் மட்டும் மிஞ்சிய அந்தக் காலப் பகுதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். மனது கஷ்டமாக இருந்தது. "இதைச் சரி பண்ணு." "மறுபடியும் அதே பிழை." "வேண்டாம், முன்னாடி இருந்த மாதிரியே வை." "சரி, அதையே எல்லா இடத்திலும் செய்." எது அது? எது முன்னாடி இருந்தது? எழுதியபோது திரையில் எல்லாம் கண்ணெதிரே இருந்தது. இன்று அந்த வாக்கியங்களுக்குக் கையும் இல்லை காலும் இல்லை. நூற்றுக்கணக்கான ப்ராம்ப்ட்டுகளில், தனியாக எடுத்துப் படித்தால் பொருள் தருபவை கால்வாசிகூடத் தேறவில்லை. தேறியவற்றில் பெரும்பாலானவை யாராவது ஃபோன் செய்து சொன்னதை அப்படியே நான் தட்டிய நாட்களில் எழுதியவை.

அதிலிருந்து என் எழுத்துப் பழக்கம் மாறியது. ஒரு முடிவைச் சொல்லும் ப்ராம்ப்ட் என்றால், அதில் வாடிக்கையாளர் பயன்படுத்திய ஒரு சொல்லாவது இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். மூட்டை, லோடு, டெலிவரி சலான், "கடன் பில்", "பழைய பாக்கி". தொழில்நுட்பச் சொல் எல்லா ப்ராம்ப்ட்டிலும் வரும், அதை வைத்துத் தேடி எதையும் பிரித்தெடுக்க முடியாது. நமக்கும் ஆறு மாதம் கழித்து ஞாபகம் இருப்பது செயலியின் பெயரோ டேபிளின் பெயரோ அல்ல, யார் என்ன சொல்லி ஃபோன் செய்தார் என்பதுதான். ரவுண்டாஃப் பிரச்சினையைக்கூட அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக வரியை ரூபாய்க்கு முழுமையாக்கினால் கூட்டுத்தொகை ஒன்றிரண்டு ரூபாய் தள்ளுகிறது. 50 பைசாவும் அதற்கு மேலும் என்றால் அடுத்த ரூபாய், குறைந்தால் விட்டுவிடு என்ற சட்டக் கணக்கும், பைதான் தானாகச் செய்யும் கணக்கும் ஒன்றல்ல. பைதானின் சாதாரண ரவுண்ட், சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். இரண்டரையைக் கொடுத்தால் மூன்று வராது, இரண்டுதான் வரும். இதை விளக்கி நான் எழுதிய ப்ராம்ப்ட், ‘ரவுண்ட்’ என்று தேடியபோது கூட்டத்தில் காணாமல் போனது. "ஒரு ரூபா உதைக்குது" என்று அந்தக் கடையின் கணக்குப்பிள்ளை சொன்னதை நான் அப்படியே சேர்த்திருந்தேன். ‘உதை’ என்று தேடியதும் வந்தது.

தமிழில் எழுதியதைத் தேடுவது தனிக் கலை. இதைப் பற்றி யாரும் பேசி நான் படித்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் சொற்கள் வேற்றுமை உருபு ஏற்றுத்தான் வாக்கியத்தில் வரும். ‘பட்டியல்’ என்று தேடினால் ‘பட்டியலை’, ‘பட்டியலில்’ எதுவும் கிடைக்காது. கணினிக்கு ‘ல்’ என்பது லகரமும் அதன்மேல் புள்ளியும், இரண்டு குறியீடுகள். ‘லை’ என்பது லகரமும் ஐகாரக் குறியும். ஆக, கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு ‘பட்டியல’ என்று தேடினால் மூன்றும் வந்துவிடும். ‘கணக்கு’ வேண்டுமென்றால் ‘கணக்க’. ‘விகிதம்’ வேண்டுமென்றால் ‘விகித’. வார்த்தையின் வாலை வெட்டிவிட்டுத் தேடுங்கள், இதைவிடப் பயனுள்ள குறிப்பு என்னிடம் இல்லை.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. ஒரு கடையின் பொருள் பட்டியலிலிருந்து நாலைந்து பெயர்களை ஒரு ப்ராம்ப்ட்டில் ஒட்டியிருந்தேன். அதில் ‘கொக்கி’ இருப்பது நன்றாகத் தெரியும், தேடினால் இல்லை என்கிறது. யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒன்றாகச் சேமிப்பது ஒரு விதம். கொம்பையும் காலையும் தனித்தனியே வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். அந்தப் பட்டியல் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டது, அதில் இரண்டாவது விதம் இருந்தது. ‘ஸ்ரீ’க்கும் இதே கதை. ‘ஸ’ வைத்துத் தொடங்குவது ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ வைத்துத் தொடங்குவது இன்னொன்று. ஈரோட்டில் ஸ்ரீ இல்லாத கடைப் பெயர் குறைவு என்பதால் இது எனக்கு அடிக்கடி வந்தது. முதல் வகையை, தேடுவதற்கு முன் எழுத்தை என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றினால் சரிசெய்யலாம். ஸ்ரீக்கு அது உதவாது, இரண்டையும் நாமே சேர்த்துத் தேட வேண்டும்.

என் காப்புப் பிரதியில் ஒரு வாரம் போனது. உரையாடல்கள் அழிகின்றன என்று தெரிந்ததும் பைதானில் ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி, ப்ராம்ப்ட்டுகளை மட்டும் தனி ஜேசன் ஃபைலில் சேர்த்து வந்தேன். இரண்டு மாதம் கழித்து அதில் தேடினால் ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை. பைதானின் ஜேசன் நூலகம், நாம் வேண்டாம் என்று சொல்லாதவரை, ஆங்கிலம் அல்லாத ஒவ்வொரு எழுத்தையும் ஆறு எழுத்துக் குறியீடாக மாற்றித்தான் எழுதும். தரவு எதுவும் இழக்கவில்லை, திரும்பப் படித்தால் தமிழ் வந்துவிடும். ஆனால் கிரெப் அதைக் காணாது. கிளாட் கோட் தானே எழுதும் ஃபைலில் தமிழ் தமிழாகவே இருக்கிறது, நான் எழுதிய ஸ்க்ரிப்டில்தான் கோளாறு.

பிறகு எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்துக்கு மாறினேன். அதன் எஃப்டிஎஸ்5 முழு உரைத் தேடல் ஆங்கிலத்துக்கு அருமை. தமிழுக்கு அதன் இயல்பான சொல்பிரிப்பு ஆகாது: உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல்லின் முடிவு என்று எடுத்துக்கொண்டு ‘பட்டியல்’ என்பதை ‘பட’, ‘ட’, ‘யல’ என்று துண்டு போட்டுவிடுகிறது. மும்மூன்று குறியீடுகளாக வெட்டும் ட்ரைக்ராம் பிரிப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். மூன்று குறியீடுகளாவது கொடுத்துத் தேட வேண்டும், அவ்வளவுதான். ‘வரி’ சரியாக மூன்று.

தமிழை ஆங்கில எழுத்தில் அடித்த ப்ராம்ப்ட்டுகளுக்கு மட்டும் எனக்கு வழி கிடைக்கவில்லை. மூட்டைக்கு ஒரு நாள் இரண்டு ஓ, மறுநாள் ஒரு யூ, டி ஒன்றோ இரண்டோ. அவசரத்தில் எப்படி வருகிறதோ அப்படி. அதனால் முடிவுகளைச் சொல்லும்போது மட்டுமாவது தமிழ் எழுத்துக்கு மாறிக்கொள்கிறேன்.

ஒட்டும் பழக்கத்திலும் கவனம் வேண்டும். நீளமான எதையாவது ஒட்டினால், ப்ராம்ப்ட்டில் ‘ஒட்டிய உரை, இத்தனை வரி’ என்று சுருங்கித்தான் தெரியும். ஒட்டியதற்கு மேலே நான் ஒன்றும் எழுதவில்லை என்றால், பின்னால் தேடும்போது பிடிக்க ஒரு கயிறும் இருக்காது. படத்துக்கும் அதேதான். வாட்ஸப்பில் வந்த பில்லின் ஸ்க்ரீன்ஷாட்டைப் போட்டு "இதைப் பார்" என்று எழுதிய ப்ராம்ப்ட்டுகள் எனக்கு இன்று பயனே இல்லை. இப்போது படத்தில் இருப்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத்தான் படத்தைப் போடுகிறேன்.

வேறு கருவிகளையும் தொட்டுப் பார்த்தேன். எய்டர், உரையாடலை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே மார்க்டவுன் ஃபைலாக எழுதி வைக்கிறது. நேராகத் திறந்து படிக்கலாம், எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. கோடெக்ஸும் ஹோம் ஃபோல்டரில் ஜேசன்எல்தான், உரையாடல்களை வருடம், மாதம், நாள் என்று அடுக்குகிறது. என் ஸ்க்ரிப்ட் இப்போது மூன்றிலிருந்தும் எடுத்து ஒரே தரவுத்தளத்தில் போடுகிறது.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்று. ‘கடவுச்சொல்’ என்றும் ‘பாஸ்வேர்ட்’ என்றும் உங்கள் ப்ராம்ப்ட்டுகளில் ஒருமுறை தேடிப் பாருங்கள். நான் தேடினேன். ஒரு வாடிக்கையாளரின் டேட்டாபேஸ் கடவுச்சொல்லை நானே மே மாதத்தில் ஒரு ப்ராம்ப்ட்டில் ஒட்டியிருக்கிறேன். வெறும் எழுத்தாக, பூட்டு எதுவும் இல்லாமல், லேப்டாப்பிலும் என் காப்புப் பிரதி இரண்டிலும் அது இருந்தது. அன்றே அந்தக் கடவுச்சொல்லை மாற்றினோம். வாடிக்கையாளரிடமும் நடந்ததைச் சொன்னேன். இந்த ஃபைல்களை நாளும் தேடிப் பயன்படுத்தப்போகிறோம் என்றால் அவற்றில் என்ன இருக்கிறது என்பதற்கும் நாம்தான் பொறுப்பு. காப்புப் பிரதி இருக்கும் டிஸ்க் இப்போது என்க்ரிப்ட் செய்யப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளரின் ஃபோன் எண், ஜிஎஸ்டி எண் எதையும் ப்ராம்ப்ட்டில் எழுதுவதில்லை, கடையின் செல்லப் பெயர் போதும்.

இந்தத் தேடல் என் லேப்டாப்போடு நின்றுவிடுகிறது என்பதுதான் மீதமிருக்கும் குறை. அந்தப் பெண் தன் இயந்திரத்தில் ‘மூட்டை’ என்று தேடினால் ஒன்றும் வராது. என் ஹிஸ்டரி ஃபைலை அப்படியே பகிரவும் எனக்கு மனம் இல்லை. யோசித்துக்கொண்டே பேசிய பேச்சு அது, எல்லாமும் எல்லோருக்கும் உரியதல்ல. அதனால் இப்போதைக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். பழைய ப்ராம்ப்ட் ஒன்றைத் தேடி எடுக்க வேண்டி வந்தால், எடுத்தவர் அதில் இருக்கும் காரணத்தை அந்தக் கோடுக்கு மேலேயே குறிப்பாக எழுதிவிட வேண்டும். ரிட்டர்ன் பில் பகுதிக்கு மேல் இன்று நாலு வரிக் குறிப்பு இருக்கிறது. எழுதியது அவள்தான். அதில் சிமெண்டும் மூட்டையும் 22ஆம் தேதியும் இருக்கின்றன.